அப்பாவின் குடியை அம்மா விட்டது

கொச்சியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கூட்டத்தைத் தேடிக்கொண்டு போகிறவர்களைப் போன்ற முட்டாள்கள் கிடையாது. கூட்டம் கிடைக்காது என்பதால் அல்ல. தடுக்கி விழுந்தால் கூட்டம்தான். கட்சிக் கூட்டம், யூனியன் கூட்டம், ஜெபக் கூட்டம், நாடகம் போடுகிற கிளப்பின் கூட்டம், அந்தக் கிளப்பிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்து போனவர்களின் கூட்டம். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கூட்டம். அதற்கு மட்டும் போர்டு இல்லை, மைக் இல்லை, விலாசம் இல்லை. அதைத் தேடி அம்மா ஒரு கோடை விடுமுறை முழுக்க என்னை மட்டாஞ்சேரி வெயிலில் இழுத்துக்கொண்டு அலைந்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கால் வலிக்கிறது, கூடவே எரிச்சலும் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு கொச்சங்காடியில், கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று. அப்பா அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். அப்பாவும் அம்மாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு ரயிலேறி வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மலையாளம் காதில் விழுந்தால் புரியும், ஆனால் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. தெருவில் எந்தப் போர்டைக் கண்டாலும் "ஏட்டி, அதுல என்னத்த எழுதியிருக்கான், வாசி" என்பாள். தலைவலித் தைல விளம்பரத்தைக்கூட விடமாட்டாள். எனக்குப் பத்து வயது. என்னைவிடச் சம்பளமில்லாத குமாஸ்தா அந்த ஊரில் இருந்திருக்க முடியாது.

அப்பா குடித்துவிட்டு அடிக்கிறவர் இல்லை, அழுகிறவர். அது அடியைவிடத் தொல்லை. பொழுது சாய்ந்தால் கிட்டங்கியிலிருந்து நேராகச் சாராய ஷாப்பு, அங்கிருந்து வீடு. வந்ததும் நடையிலேயே உட்கார்ந்து தன் அம்மா செத்ததற்கு அழுவார், தம்பி கடிதம் போடாததற்கு அழுவார், கடைசியில் எங்களுக்காக அழுவார். சோறு ஆறிப்போகும். பிறகு என்னைக் கூப்பிட்டு என் தலையில் கை வைத்து, நாளையிலிருந்து தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வார். அத்தனை சத்தியத்துக்கும் என் தலை இன்னும் கழுத்தின் மேல் இருப்பது அதிசயம்தான். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் மட்டும் மண்டலம் முழுக்க நல்ல பிள்ளையாக இருப்பார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றின அன்றைக்கே ஷாப்புக்காரன் அவருக்காகக் கிளாஸைக் கழுவி வைத்திருப்பான்.

அந்த வருஷம் சித்திரை விஷு கழிந்த மறுநாள் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வரும்போது அங்கிருந்த லேடி டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் பாதி போய்விட்டது, இனியும் குடித்தால் ஆளும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். மருந்து ஒன்றும் எழுதித் தரவில்லை. குடித்து, விட்ட ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்றாகக் கூடிப் பேசுகிறார்களாம், சுள்ளிக்கல் பக்கம் எங்கேயோ ஒரு ஹாலில், அங்கே அனுப்பிப் பாருங்கள் என்றார். எந்த ஹால் என்று கேட்டதற்கு, விசாரித்தால் தெரியும் என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். விசாரித்தால் தெரியுமாம். அந்த அம்மாள் ஒருநாளாவது விசாரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அம்மா வீட்டுக்கு வந்து ஒரே பேச்சாகப் பேசினாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அப்பா குடியை விடாவிட்டால், அவள் என்னைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்விடுவாள், இங்கே தாலியை அறுத்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. அம்மா சொன்னால் செய்கிறவள் என்று அப்பாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மாமா ஊரில் இருப்பது தமிழ்ப் பள்ளிக்கூடம். எனக்கோ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். போன தடவை போயிருந்தபோது மாமா என்னை ஒரு பஸ்ஸின் பெயரை வாசிக்கச் சொல்லி, நான் பாதி வாசிப்பதற்குள் பஸ் போய்விட்டது. இவளை இரண்டாம் வகுப்பில்தான் போட வேண்டும், என் பையன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று மாமா சிரித்தார். அந்தப் பையன் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு நின்றான். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய நான் அவன் பக்கத்தில் உட்காருவதைவிடக் காயல் தண்ணீரில் குதிக்கலாம் என்று எனக்குப் பட்டது.

அப்பாவிடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் மறுக்கவே இல்லை. அவர் எதையும் மறுக்கிறவர் இல்லை. "எங்க நடக்குன்னு நீ கண்டுபிடி, நான் வாரேன்" என்றார். வழக்கம்போல என் தலையில் கை வைத்தார்.

முதல் ஞாயிறு நாங்கள் சுள்ளிக்கல்லுக்கு நடந்தோம். அம்மாவிடம் ஒரு கோளாறு இருந்தது. கூட்டம் வேண்டும், ஆனால் எந்தக் கூட்டம் என்று வாயைத் திறந்து சொல்லமாட்டாள். அப்பா குடிக்கிற விஷயம் வெளியே தெரிந்துவிடுமாம். அப்பா அழுகிற சத்தம் மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்கும், அதைச் சொன்னால் என் தொடையில் கிள்ளுவாள். ஆகவே பெட்டிக்கடை பெட்டிக்கடையாக நின்று, "இங்க ஒரு மீட்டிங் நடக்காம்லா, அது எங்க?" என்று கேட்டாள். கடைக்காரர் எந்த மீட்டிங் என்று கேட்பார். "அதான், அந்த மீட்டிங்" என்பாள். ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு வாசகசாலையைக் கை காட்டினார். உள்ளே போனால் இருபது ஆண்கள். பெண்பிள்ளை குழந்தையோடு வந்திருக்கிறாள் என்றதும் பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலி போட்டார்கள். தண்ணீர்க் குழாய் விஷயமாகத்தானே என்று தலைவர் கேட்டார். உண்மையைச் சொல்ல முடியாத அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டு, பிறகு குழாயைப் பற்றி அரை மணி நேரம் நிஜமாகவே பேசினாள். எல்லாரும் கை தட்டினார்கள். சில நாளில் எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர்கூட வந்தது. அப்பா விஷயம்தான் போட்டது போட்டபடி கிடந்தது.

அடுத்த ஞாயிறு நான் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், வாயைத் திறந்து சாராயம் என்று சொன்னால்தான் வருவேன் என்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தையல்கடைக்காரரிடம், "சாராயம் குடிக்கக் கூடாதுன்னு ஒரு கூட்டம்" என்று கேட்டாள். அவர் உடனே ஒரு ஸ்கூல் கட்டிடத்தைக் காட்டினார். வாசலில் போர்டு இருந்தது. நான் வாசித்தேன். மதுவை எதிர்க்கிற சங்கம்தான். அம்மா என் தலையைத் தடவினாள். அந்தக் கோடையில் அவள் என்னிடம் பிரியமாக நடந்துகொண்டது அந்த ஒரு தடவைதான்.

உள்ளே கதர் சட்டை போட்ட பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக எழுந்து குடியைத் திட்டினார்கள். சர்க்காரைத் திட்டினார்கள், ஷாப்புக் காண்ட்ராக்டரைத் திட்டினார்கள், குடிக்கிறவனைப் புழுவாக நினைத்துத் திட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து அம்மா எழுந்து கேட்டாள்:

"இங்க உள்ளவுகள்ல குடிச்சுட்டு விட்டவுக யாரு?"

ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் பரம்பரையிலேயே யாரும் அதன் வாசனை பார்த்ததில்லை என்றார். மற்றவர்களும் தத்தம் பரம்பரைக்குச் சாட்சி சொன்னார்கள். அம்மாவுக்கு வந்ததே கோபம். குடிக்காத ஆட்களெல்லாம் கூடிக் குடிக்காதே என்று யாரிடம் சொல்கிறீர்கள், சுவரிடமா என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். திரும்பும் வழியெல்லாம் ஒரே புலம்பல். நல்ல காரியம் செய்கிறவன் ஒரு போர்டு வைத்தால் என்ன கேடு, ஷாப்புக்கு மட்டும் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, அரை மைல் தூரத்திலிருந்தே தெரிகிறதே என்று புலம்பினாள். அப்படிப் புலம்பிக்கொண்டே வந்தவள் சட்டென்று நடு ரோட்டில் நின்றாள். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான். அம்மா அவனைக் கவனிக்கவே இல்லை.

மூன்றாம் ஞாயிறு அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனது சாராய ஷாப்புக்கு. அப்பா போகிற அதே ஷாப்பு. பெண்கள் அந்த முனையைக் கடக்கும்போதே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபக்கம் பார்த்து நடப்பார்கள். அம்மா நேராக வாசலில் போய் நின்று உள்ளே குரல் கொடுத்தாள். ஊற்றிக் கொடுக்கிறவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்களை அடையாளம் தெரிந்திருந்தது போலும். "ஆளு இன்னு வந்திட்டில்ல சேச்சி. சத்தியம்" என்றார். அப்பா இன்றைக்கு வரவில்லையாம்.

"அவரத் தேடி வரல. உங்க கடைக்கு வந்துக்கிட்டு இருந்தவுக, இப்ப வராதவுக, அவுகள்லாம் எங்க போறாக?"

அவர் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. விரல் விட்டு எண்ணினார். செத்தவர்கள் போக, கல்ஃபுக்குப் போனவர்கள் போக, நாலைந்து பேர் கை விட்டுப் போனதாக ஒப்புக்கொண்டார். அதைச் சொல்லும்போது வளர்த்த ஆடு காணாமல் போனதைச் சொல்கிறவர் முகம்தான் அவருக்கு. தினமும் காலை மாலை வந்துகொண்டிருந்த ஆட்கள், இப்போது எதிரே கண்டால் சிரித்துவிட்டு அந்தப் பக்கமாகப் போய்விடுகிறார்கள் என்றார். எங்கே போகிறார்கள் என்று அவருக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது. சுள்ளிக்கல்லில் இன்ன சர்ச்சுக்குப் பின்புறம், பெஞ்சும் நாற்காலியும் அடுக்கி வைக்கிற அறை, மூன்று மணிக்குத் தொடங்கும். டாக்டருக்குத் தெரியாத விலாசம், சங்கத்துக்காரர்களுக்குத் தெரியாத விலாசம், ஷாப்புக்காரரிடம் அடுப்பங்கரை போல மனப்பாடமாக இருந்தது.

அம்மா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அப்பா பாயில் படுத்திருந்தார். கண்டுபிடித்துவிட்டேன், எழுந்து சட்டை போடுங்கள் என்றாள். அப்பா கண்ணைத் திறக்காமல், "அடுத்த வாரம் வாரேன்ளா" என்றார். அன்றைக்கு ஷாப்புக்குப் போகாமல் எங்கே வாங்கினாரோ தெரியாது, வாய் மணத்தது. எழுப்பினாள், உலுக்கினாள், தண்ணீர் தெளித்தாள். அவர் புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கே எங்கள் வீட்டு நேர்த்திக்கடன் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அம்மா அடுத்துச் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களவர்களிடம் நோய் ஒருவருக்கு, நேர்ந்துகொள்கிறவர் இன்னொருவர், அதைச் செலுத்துகிறவர் மூன்றாமவர். எனக்கு அம்மை போட்டபோது அப்பா மொட்டை போட்டுக்கொண்டார். சித்திக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று அம்மா கோயில் தரையில் மண்சோறு தின்றாள், பிள்ளையும் பிறந்தது. அப்பா மேல் மூட்டை சரிந்து கால் ஒடிந்த வருஷம் அம்மாதான் ஊருக்குப் போய்த் தீச்சட்டி ஏந்தினாள். சாமி ஒருநாளும் ஆள் மாறாட்டம் என்று சொன்னதில்லை. செய்ய வேண்டியதை யாராவது ஒருவர் ஒழுங்காகச் செய்தால் போதும், பலன் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

அம்மா முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். "நட, நாம போவோம்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "அவுக வரலேன்னா விட்டுர முடியுமா? நான் போய் உக்காருதேன்" என்றாள்.

அந்த அறையில் எட்டொன்பது ஆண்கள் இருந்தார்கள். ஒரு கெட்டிலில் பாலில்லாத கட்டன் சாயா, ஒரு தட்டில் பிஸ்கட். படகுத்துறையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நரைத்த சேட்டன்தான் அங்கே பெரியவர் போலத் தெரிந்தது. கதவருகே வந்து யாருக்குச் சுகமில்லை என்று கேட்டார். அம்மா சொன்னாள். ஆள் எங்கே என்று கேட்டார். வீட்டில் தூங்குகிறார் என்றாள். சேட்டன் மிகவும் மரியாதையாக, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"சேச்சி, இது குடிக்கிற ஆளு வரவேண்டிய இடமாணு."

"குடிக்கிற ஆளு குடிச்சிட்டுக் கிடக்காரு. தெளிஞ்சு இருந்தாருன்னா இங்க எதுக்கு வரணும்? அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

அப்படி நடக்காது என்று சேட்டன் விளக்கினார். குடிப்பவன் தானே வந்து தானே சொல்ல வேண்டுமாம். அம்மா விடவில்லை. கால் ஒடிந்தது அவருக்கு, தீச்சட்டி எடுத்தது நான், கால் கூடவில்லையா என்று கேட்டாள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னொருவர், வந்தவரை வெளியே போகச் சொல்கிற வழக்கம் நமக்கு இல்லையே என்றார். கடைசியில் பெஞ்சின் ஓரத்தில் அம்மாவுக்கு இடம் விட்டார்கள். குழந்தைகள் இருக்கக் கூடாது என்று என்னை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் திறந்தே இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

ஒவ்வொருவராக எழுந்து தன் பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று சொல்லி, பிறகு மனதில் இருப்பதைச் சொன்னார்கள். சொல்லி முடித்தால் மற்றவர்கள் நன்றி என்பார்கள். அவ்வளவுதான். யாரும் குறுக்கே பேசவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. எங்கள் வரிசை வீட்டில் தலைவலி என்று சொன்னால் ஒன்பது வீட்டிலிருந்து ஒன்பது வைத்தியம் வரும், கூடவே உன் வாய்தான் காரணம் என்று ஒரு தீர்ப்பும் வரும். இது என்ன கூட்டம், இவர்களுக்கு ஒன்றுமே தெரியாது போலிருக்கிறதே என்று நான் நினைத்தேன்.

அம்மாவின் முறை வந்தது. எழுந்து நின்று, நான் குடிக்கிறதில்லை, எங்கள் வீட்டுக்காரர் குடிக்கிறார், அவருக்குப் பதிலாக வந்திருக்கிறேன் என்றாள். அத்தோடு உட்கார்ந்துவிடுவாள் என்று பார்த்தேன். உட்காரவில்லை. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள் போல. யாரும் சொல்லவில்லை என்றதும் பேச ஆரம்பித்தாள். முதலில் அப்பாவைப் பற்றி. பிறகு, பக்கத்து வீட்டில் அவருக்கு வயிற்றுக் கோளாறு என்று தினமும் பொய் சொல்வது பற்றி. பிறகு எங்கெங்கோ போனாள். கல்யாணமாகி வந்தபோது செங்கோட்டை ரயிலில் வழியெல்லாம் வாந்தி எடுத்தது, கொச்சி எப்படி இருக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லாதது, முதல் மழைக்காலத்தில் துணி ஒன்றுகூடக் காயாமல் உட்கார்ந்து அழுதது, அவளுக்கு நன்றாகப் பாட வரும் என்பது. அம்மாவுக்குப் பாட வரும் என்று எனக்கே தெரியாது. வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. அப்பாவின் குடிக்கும் செங்கோட்டை ரயிலுக்கும் என்ன சம்பந்தம்? அவள் முடித்ததும் எல்லாரும் நன்றி என்றார்கள். ஒருவர் சாயா ஊற்றி அவள் கையில் கொடுத்தார்.

பிஸ்கட்டை அவள் தின்னவில்லை. முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, தூங்கி எழுந்த அப்பாவிடம் பிரசாதம் போல நீட்டினாள். "தின்னுங்க, உங்களுக்குக் குடுத்தது" என்றாள். அப்பா ஒன்றும் புரியாமல் தின்றார். தின்றுவிட்டு ஷாப்புக்குப் போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து. மத்தியானச் சோற்றை முடித்துவிட்டு அம்மா தலையை வாரிக் கிளம்பிவிடுவாள். அப்பாவை எழுப்பிப் பார்ப்பதைக்கூட நாளடைவில் நிறுத்திவிட்டாள். நான் வராந்தாவில் கொசுக்கடியில் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டு நொந்துகொண்டிருப்பேன். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா குடித்துக்கொண்டிருந்தார், அம்மா கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள், இரண்டுக்கும் ஒரு தொடர்பும் ஏற்படுவதாக எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், இதனால் என்ன பிரயோஜனம், அவர் விடவே இல்லையே என்று கேட்டேன். "நேர்ச்சை பாதியில நிக்கப்பிடாது" என்றாள்.

பிரயோஜனம் வேறு வழியாக வந்தது. அந்தக் கூட்டத்துக்கு வருகிற ஒருவரின் மச்சான் கிட்டங்கியில் வேலை செய்தார். பஜாரில் ஒரு விஷயம் இஞ்சி மூட்டையைவிட வேகமாகக் கை மாறும். ஒருநாள் மூட்டை இறக்கும் இடத்தில் ஒருவன் அப்பாவிடம், "அண்ணாச்சி, ஒங்க வீட்ல குடிய விட்டுட்டாகளாமே, நல்ல காரியம்" என்று சொல்லியிருக்கிறான். அப்பா முழித்திருக்கிறார். இன்னொருவன், எவ்வளவு நாளாகப் பழக்கம், நீங்கள்தான் பழக்கினீர்களா என்று கேட்டிருக்கிறான். ஒரு வாரம் முழுக்க இதே பேச்சு. ஷாப்பில் கிளாஸை நீட்டினால்கூட, வீட்டுக்கும் ஒரு பாட்டில் கட்டட்டுமா என்று கேட்டார்களாம். அப்பாவுக்குத் தன்னைக் குடிகாரன் என்று ஊர் சொல்வதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பெண்டாட்டியைச் சொன்னது தாங்கவில்லை.

அந்த ஞாயிறன்று மழைக்காலத்தின் முதல் மழை பிடித்துக்கொண்டது. அம்மா எழுந்து பேசிக்கொண்டிருந்தபோது, அப்பா குடை இல்லாமல் சொட்டச் சொட்ட நனைந்து வராந்தாவில் ஏறினார். என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இன்றைக்கு ரத்தம்தான் என்று நான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா பேச்சை நிறுத்தவில்லை. வந்தவரைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததை முடித்தாள். எல்லாரும் நன்றி என்றார்கள். சேட்டன் ஒரு துண்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னார். சாயா கொடுத்தார். கையில் சாயாவை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது. அப்பா நின்றுகொண்டே குடித்தார். பிறகு எல்லாரும் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என் பொஞ்சாதிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன். அவ குடிக்கிறதில்ல. குடிக்கிறது நான்" என்றார்.

நன்றி என்றார்கள் எல்லாரும்.

அப்பா காத்திருந்தார். யாராவது ஏதாவது கேட்பார்கள், எதிர்த்துப் பேசலாம் என்று காத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. மூட்டை கனக்கும் என்று தம் பிடித்துத் தூக்கியவனுக்கு உள்ளே பஞ்சு இருந்தால் எப்படி இருக்கும், அப்படித் தடுமாறினார். அடுத்த ஆள் எழுந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்பா உட்கார்ந்தார். கூட்டம் முடிகிறவரை உட்கார்ந்தே இருந்தார்.

அன்றோடு அப்பா குடியை விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய். நடுவில் இரண்டு மூன்று தடவை வழுக்கி விழுந்தார், எழுந்தார், பிறகு விட்டேவிட்டார். பல வருஷம் கழித்து அவர் போனபோது அதற்குக் காரணம் ஈரல் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அந்த வாரம் முழுக்க அப்பா ஷாப்புப் பக்கம் போகவில்லை. இரவில் வேர்த்துக் கொட்டியது, ஆனால் போகவில்லை. ஞாயிறு மத்தியானம் நாங்கள் யாரும் சொல்லாமலே குளித்து, சலவைச் சட்டை போட்டு, நடையில் நின்றார். அம்மாவும் கிளம்பியிருந்தாள், பச்சைப் புடவை கட்டிக்கொண்டு. மூன்று பேரும் சேர்ந்து நடந்தோம். இரண்டு நாளில் பள்ளிக்கூடம். என் பையில் புதுப் புத்தகம் வந்துவிட்டது, மலையாளப் புத்தகம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சேட்டன் வாசலிலேயே அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். பெஞ்சின் ஓரத்தில், அம்மா உட்காருகிற இடத்தில். பிறகு திரும்பி வந்து அம்மாவிடம் மிகவும் சந்தோஷமாகச் சொன்னார்:

"ஆளு வந்தல்லோ சேச்சி. இனி சேச்சி கஷ்டப்படண்டா. சேச்சி செய்யேண்டது செய்து கழிஞ்சு."

இனி நீங்கள் கஷ்டப்பட்டு வர வேண்டாம், செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டீர்கள் என்றார், அதில் ஒரு குற்றமும் இல்லை. மனசாரத்தான் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். கதவு சாத்தப்பட்டது. அவள் கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்து நின்றுவிட்டு, வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. தன் அம்மா செத்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், அழாமல். நன்றி என்று எல்லாரும் சொன்னது கேட்டது. யாரோ ஜன்னல் வழியாக எங்களுக்கும் சாயா நீட்டினார்கள். நான் வாங்கிக் குடித்தேன். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

திரும்பும்போது அப்பா குஷியாக இருந்தார். இனிமேல் உனக்கு இந்த அலைச்சல் இல்லை, நான் ஒருத்தனே போய்க்கொள்வேன் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தாள். முகத்தைப் பார்த்தால் கடுகடுவென்று இருந்தது. கேட்ட வரம் கிடைத்துவிட்டது, இன்னும் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எதுக்கும்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேவிட்டேன்.

"எனக்குன்னு அங்க ஒரு மணி நேரம் இருந்துச்சுட்டி. அதையும் அவுக வந்து வாங்கிக்கிட்டாக" என்றாள்.

குடியை விட வேண்டும் என்று ஊரெல்லாம் நாயாக அலைந்தவள், ஆள் வந்து உட்கார்ந்ததும் இப்படிப் பேசினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஒரு மணி நேரமாம், பெரிய ஒரு மணி நேரம். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூராவும் உனக்குத்தானே, நன்றாகப் படுத்துத் தூங்கலாமே என்று அவளுக்கு நான் புத்தி சொன்னேன்.

அம்மா நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமா, தூங்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.